தொடாமல் எடுத்த மருந்து

கோழி வளர்க்கிறவள் கோழி வேலைக்கு வர முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

திருச்சியில் ஒரு காலேஜ். அதன் பின்பக்கம் கோழி ஷெட். ஷெட்டைக் கழுவ, தீவனம் வைக்க, லேப்பில் பாட்டில் கழுவ ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். எழுபதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஐந்தாவது வரை படித்திருந்தேன். காட்டூரில் வீடு. கொல்லையில் நாட்டுக்கோழிகள் திரிந்தன. வீட்டுக்கோழியின் நோய் என் சேலையில் ஒட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வரும், ஷெட்டின் நோய் வீட்டுக்குப் போகும். அதனால் வீட்டில் கோழி கூடாது என்றார்கள்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"கோழிய வித்துட்டுக் கோழி மேய்க்கப் போறியா?"

"மேய்க்க இல்ல. அது கூண்டுலயே இருக்கும்."

"ஊசி போட்ட கோழி கொழம்புக்கு ஆகுமா?"

"ஆகாது."

"அப்புறம் என்னா வேலை அது."

விற்றுவிட்டேன். வெள்ளைக் கழிச்சல் வந்தால் எப்படியும் ஒரு வாரத்தில் எல்லாம் போய்விடும். முந்தின வருஷம் அப்படித்தான் போனது. கழுத்து முறுக்கிக்கொண்டு, வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, வரிசையாகச் செத்தன. குழி தோண்டிப் போட்டேன். காலேஜில் அந்த நோய்க்குத்தான் மருந்து தேடுகிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

தேடியவர் ஒரு சிஸ்டர். கன்னியர் மடத்தைச் சேர்ந்தவர். முப்பது தாண்டியிருக்கும். வெள்ளை அங்கி, தலையில் முக்காடு. டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வழி சொல்ல ஒரு சார். சார் ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் திருமண், காலில் ரப்பர் செருப்பு, சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டி வருவார்.

சிஸ்டர் செய்த வேலை இது. தட்டையான பாட்டில்களில் ஒருவகைப் பூஞ்சை வளர்ப்பார். ஊறுகாயில் படிகிற மாதிரிதான் இருக்கும். அதை அரைத்து, கரைத்து, வடிகட்டி, கடைசியில் தண்ணீர் மாதிரி ஒன்றை எடுப்பார். அதற்கு ஆர்.என்.ஏ. என்று பேர். அதைக் கோழிக்கு ஊசியில் போடுவார்.

பூஞ்சையை எதற்குக் கோழிக்குப் போடுகிறீர்கள் என்று சாரிடம் ஒருநாள் கேட்டேன். சார் கேள்வி கேட்டால் கோபப்படாதவர்.

"இதோ பாரும்மா. ராத்திரி எல்லாரும் தூங்கறா. திருடன் வந்தா தெரியாது. அவன் வரத்துக்கு முன்னாடியே ஒருத்தன் 'திருடன், திருடன்'னு பொய்யாக் கத்தறான்னு வெச்சுக்கோ. தெருவே எழுந்து கம்போட நிக்கும். அப்புறம் நெஜத் திருடன் வந்தா மாட்டிப்பான். இந்த மருந்து அந்தப் பொய்ச் சத்தம். அவ்வளவுதான்."

"சத்தம் ஜாஸ்தியாப் போனா சார்?"

சார் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் பெருமூச்சு விட்டார்.

"ஜாஸ்தியாப் போனா இருட்டுல ஒருத்தர ஒருத்தர் அடிச்சுப்பா. அதான் சிஸ்டரோட தலைவலி."

அதுதான் தலைவலி. சில நேரம் ஊசி போட்ட கோழிக்குக் காய்ச்சல் வந்தது. இறக்கையைத் தொங்கப்போட்டுக் கண்ணை மூடி நிற்கும். இரண்டு நாளில் சாகும். நோய் கொடுக்கும் முன்பே மருந்திலேயே செத்தால் அது என்ன மருந்து. வேறு சில நேரம் ஒன்றுமே ஆகாது. காய்ச்சலும் வராது, காப்பும் இருக்காது. சோதிக்க நோயைக் கொடுத்தால், ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீர் ஊசி போட்ட கோழியோடு சேர்ந்து இதுவும் சாகும். ஒரே பூஞ்சை, ஒரே ஊசி, ஒரே கை. ஒரு தடவை இப்படி, ஒரு தடவை அப்படி.

வேலை செய்யவில்லை என்றால் அளவைக் கூட்டுவார்கள். கூட்டிக் கூட்டி முதலில் போட்டதைப் போலப் பல மடங்கு ஆகிவிட்டது.

செத்த கோழியை நான்தான் எடுத்துப் போய் எரிப்பேன். எரித்த அன்று வீட்டில் சோறு இறங்காது என்று எதிர்பார்த்தேன். இறங்கியது. வேலை வேலைதான்.

அந்த மருந்துக்கு மனுஷக் கை ஆகாது. கை வியர்வையில் அதை அறுக்கிற ஏதோ ஒன்று இருக்கிறதாம். எச்சிலிலும் இருக்கிறது, தூசியிலும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கவைத்தாலும் லேசில் சாகாது. அதனால் பாட்டிலைக் கழுவி, அலுமினியத் தாளைச் சுற்றி, ஓவனில் வைத்து நாள் முழுக்கச் சுட வேண்டும். சுட்டபின் யாரும் தொடக் கூடாது. இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். பக்கத்தில் நின்று பேசக் கூடாது. தும்மினால் அந்தப் பாட்டிலை மறுபடி கழுவ வேண்டும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது சார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"மடி தெரியுமா? அதான்."

தெரியும். எங்கம்மா ஸ்ரீரங்கத்தில் வீடுகளுக்கு வரட்டி போட்டவர். சின்ன வயதில் கூடையைப் பிடித்துக்கொண்டு நானும் போவேன். வாசல் வழியாகப் போகக் கூடாது, கொல்லை வழிதான். துணி கொம்பில் காயும். அந்தக் கொம்புக்கு அடியில் போனால் சத்தம் போடுவார்கள். காசைக் கையில் தர மாட்டார்கள், கல்லில் வைப்பார்கள். மடி என்றால் நான் தள்ளி நிற்க வேண்டும் என்று அர்த்தம். அப்படித்தான் எனக்குத் தெரியும்.

லேப்பில் அது வேறு மாதிரி இருந்தது. ஒருநாள் சுட்ட பாட்டில்கள் மேஜையில் ஆறிக்கொண்டிருந்தன. சார் ஏதோ யோசனையில் வந்து ஒன்றை எடுக்கக் கையை நீட்டினார்.

"சார், மடி," என்றேன்.

சார் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பின்னால் கட்டிக்கொண்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நன்னாச் சொன்னே. இங்க எல்லார் கையும் தீட்டுதான். என் கை, உன் கை, சிஸ்டர் கை. இதுக்கு வித்தியாசம் தெரியாது."

அன்றைக்குப் பிறகு சார் லேப் வாசலோடு நின்றுகொள்வார். என்ன வேண்டுமோ அங்கிருந்தே கேட்பார். நான் எடுத்துக் காட்டுவேன். நான் இதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. ஆனால் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது எனக்குக் கால் கனக்காது.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. மூன்றாவது வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்ததும் மடத்துத் தலைவி மதர் சிஸ்டரைக் கூப்பிட்டுப் பேசினார். அன்று மத்தியானம் சிஸ்டர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் ஷெட்டில் வந்து நின்றார்.

"என்னாச்சு சிஸ்டர்?"

"பச்சைமலை பக்கம் எங்க ஸ்கூல் ஒண்ணு இருக்கும்மா. சயின்ஸ் டீச்சர் இல்ல. பிள்ளைங்க பத்தாவது எழுதணும். ஜூன்ல ஸ்கூல் தொறக்கும்போது நான் அங்க இருக்கணும்கறாங்க."

"மருந்து?"

"அதுக்குள்ள முடிஞ்சா முடிஞ்சது. இல்லன்னா விட்டுட்டுப் போகணும்."

"மதர்கிட்ட கேட்டுப் பாருங்களேன்."

"கேக்க முடியாது. கீழ்ப்படியறேன்னு வார்த்தை குடுத்திருக்கேன். அதோட அவங்க சொல்றதும் நியாயம்தான். அந்தப் பிள்ளைங்க என்ன பண்ணும்."

அழவில்லை. கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் டப்பாவைத் திறந்து கையில் கொடுத்தேன். சாப்பிட்டார்.

அதன்பின் சிஸ்டர் வேகம் கூடியது. ஒரு தொகுதி பூஞ்சை முடிவதற்குள் அடுத்த தொகுதியை வைத்தார். ஓவன் அணைவதே இல்லை. பங்குனி வெயிலில் லேப்புக்குள் நின்றால் முதுகு நனையும். அப்படி ஒருநாள் ஓவனிலிருந்து தட்டை இழுக்கும்போது துணி நழுவி, சிஸ்டரின் வலது கட்டைவிரல் சூட்டில் பட்டுவிட்டது. கொப்புளம் பெரிதாக எழும்பியது. நான் தண்ணீரில் முக்கினேன். மருந்து தடவித் துணியைச் சுற்றி, மேலே ரப்பர் உறை மாட்டிக்கொண்டார். வேலையை நிறுத்தவில்லை. இடுக்கியை இடது கையில் பிடித்தார்.

அந்தத் தொகுதி மருந்தைத்தான் அடுத்த வாரம் கோழிகளுக்குப் போட்டார்கள். வழக்கமான அளவு.

மறுநாள் காலை ஷெட்டைத் திறந்தேன். சத்தமே இல்லை. கோழி ஷெட்டில் காலையில் சத்தம் இல்லாமல் இருக்காது. தண்ணீர் ஊசி போட்ட கூண்டில் மட்டும் கொஞ்சம் கிளறல். மருந்து போட்ட கூண்டுகளில் எல்லாம் குறுகி உட்கார்ந்திருந்தன. தொட்டுப் பார்த்தேன், அனலாகக் கொதித்தன. சில அப்போதே செத்திருந்தன. சாயங்காலத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டன. ஈரச் சாக்கைத் தொங்கவிட்டேன், தண்ணீர் தெளித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

சிஸ்டர் வந்து பார்த்தார். கவிழ்த்து வைத்திருந்த தீவன வாளியில் உட்கார்ந்துவிட்டார்.

"முடிஞ்சது," என்றார். "இது விஷம். நான் விஷத்தைத்தான் பண்ணியிருக்கேன்."

சார் வந்தார். குனிந்து ஒவ்வொரு கூண்டாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். முகத்தில் துக்கம் இல்லை.

"சிஸ்டர், போன மாசம் இதே அளவுதானே போட்டேள்?"

"ஆமா சார்."

"ஒண்ணும் ஆகலை."

"ஒண்ணும் ஆகலை."

"இப்ப மொத்தமும் சாஞ்சுடுத்து. அப்படின்னா மருந்து கெட்டுப்போகலை. இத்தனை நாள் கெட்டுப்போயிருந்தது. இப்பதான் முழுசா இருக்கு."

"மருந்த அளக்கற மிஷின்ல அளவு ஒண்ணாத்தானே சார் காட்டிச்சு, ஒவ்வொரு தடவையும்?"

"மிஷின் எவ்வளவு இருக்குன்னு சொல்லும். ஒடைஞ்சதா முழுசான்னு சொல்லாது. அரிசியும் நொய்யும் படியில ஒண்ணாத்தான் இருக்கும், பார்த்தாத்தானே தெரியும். நாம இத்தனை நாளா நொய்யப் போட்டுட்டு, வேலை செய்யலைன்னு மூட்டை மூட்டையாக் கூட்டிண்டு போயிருக்கோம்." சார் என் பக்கம் திரும்பினார். "இந்தத் தடவை கழுவறதுல ஏதாவது மாத்தினியா?"

"இல்ல சார். எப்பவும் போலத்தான்."

"சுடறதுல?"

"இல்ல சார்."

"சிஸ்டர், நீங்க?"

"எதுவும் மாத்தலை சார். விரல்தான் சுட்டுக்கிட்டேன். மத்தபடி…"

சிஸ்டர் நிறுத்திவிட்டார். உறை மாட்டிய கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தார். மெதுவாக முகம் சிவந்தது.

சிஸ்டருக்கு ஒரு பழக்கம். மருந்தை ஊற்றுவதற்கு முன், பாட்டிலின் வாயில் கட்டைவிரலால் ஒரு சின்னச் சிலுவை போடுவார். உதடு லேசாக அசையும். பிறகு ஊற்றி மூடுவார். பிள்ளையின் நெற்றியில் போடுகிற மாதிரி, பிசைந்த மாவின் மேல் போடுகிற மாதிரி. அவர் வீட்டில் அவருடைய அம்மா எல்லாவற்றுக்கும் போடுவாராம். விரல் சுட்ட அன்று முதல் அந்தரத்தில் போட்டிருக்கிறார். கொப்புளம் பாட்டிலில் பட்டால் வலிக்கும் என்று.

"தொடக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்," என்றார் சார். கோபமாக இல்லை, ஆச்சரியமாக.

"நான் தொடலைன்னுதான் சார் நெனச்சேன். ஜெபம் பண்றது தொடறதாத் தோணலை."

நானும் அதைத் தினம் பார்த்தவள்தான். எனக்கும் அது தொடுவதாகத் தோன்றவில்லை. விபூதி பூசுவதைத் தொடுவது என்று யார் சொல்வார்கள்.

சார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

"நானா இருந்தா பாட்டிலுக்குத் திருமண்ணே இட்டிருப்பேன் சிஸ்டர். நீங்க பரவாயில்லை."

சிஸ்டரும் சிரித்துவிட்டார். செத்த கோழிகளுக்கு நடுவில் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

பிறகு வேலை எளிதாகவில்லை, ஆனால் நேராகிவிட்டது. சிஸ்டர் எல்லாப் பழைய மருந்தையும் கொட்டினார். புதிதாக எடுத்தார். ஊற்றும்போது இடுக்கியை இடது கையிலேயே பிடித்து, வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். சிலுவை போடுவதை நிறுத்தவில்லை. ஊற்றி, மூடி, பெட்டியில் வைத்து, பெட்டியையும் மூடியபின் பெட்டியின் மேல் போடுவார். அதில் சாருக்கு ஆட்சேபணை இல்லை.

அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். பாதி ஆக்கினார்கள், காய்ச்சல் வந்தது. அதில் பாதி ஆக்கினார்கள், அப்போதும் வந்தது. கடைசியில் ஊசி முனையில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு வந்துவிட்டது. அந்த அளவில் கோழி கொஞ்சம் மந்தமாக இருந்தது, அவ்வளவுதான். மறுநாள் தீவனத்துக்குச் சண்டை போட்டது.

வீட்டில் சொன்னேன்.

"இத்துனூண்டு மருந்துக்கா ரெண்டு வருசம்?" என்றார் வீட்டுக்காரர்.

"இத்துனூண்டு போதும்னு கண்டுபிடிக்கத்தான் ரெண்டு வருசம்."

"அது சரி, கோழி டாக்டரம்மா. கொஞ்சம் ரசம் ஊத்து."

ஆனால் காய்ச்சல் வராமல் இருப்பது மட்டும் போதாது. நோயைத் தாங்க வேண்டும். சித்திரை முடியும் சமயத்தில்தான் அந்தச் சோதனை வைத்தார்கள். வெயில் நெருப்பாக இருந்தது. மருந்து போட்ட கோழிகள் ஒரு பக்கம், தண்ணீர் ஊசி போட்டவை ஒரு பக்கம். சார் எல்லாவற்றின் கண்ணிலும் நோய்ச் சொட்டு விட்டார். ஜூனுக்கு அதிக நாள் இல்லை. இன்னொரு தடவை வைக்க நேரமும் கிடையாது. அந்த வாரம் சிஸ்டர் கொண்டுவந்த சாப்பாட்டில் பாதி எனக்குத்தான் வந்தது.

தண்ணீர்ப் பக்கம் மூன்றாம் நாளே தலை தொங்கியது. பிறகு கழிச்சல், பிறகு கழுத்து முறுக்கு. எனக்குப் பழகிய காட்சி. ஒவ்வொன்றாக எடுத்தேன், எரித்தேன். மருந்துப் பக்கமும் சில செத்தன. முதல் கோழி செத்த அன்று சிஸ்டர் ஷெட்டுக்குள் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று, "இன்னைக்கு எப்படிம்மா?" என்றார்.

"ஒண்ணு போச்சு சிஸ்டர். மத்தது திங்குது."

"நல்லாத் திங்குதா?"

"என் கையவே கொத்துது."

அடுத்த நாளும் வெளியிலிருந்துதான் கேட்டார். அடுத்த நாளும். தண்ணீர்ப் பக்கம் காலியாகிக்கொண்டே வந்தது. மருந்துப் பக்கம் கிட்டத்தட்ட அப்படியே நின்றது. ஒரு காலை, மருந்துப் பக்கத்துச் சேவல் ஒன்று கூவியது. குரல் இன்னும் உடையாத சேவல், அரைகுறையாகத்தான் கூவியது. ஜன்னலுக்கு வெளியே சிஸ்டர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. உள்ளே வந்தார். எல்லாக் கூண்டையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அதே வாளியில் உட்கார்ந்தார்.

"தாங்கிடுச்சு," என்றார்.

"தாங்கிடுச்சு சிஸ்டர்."

சார் அன்று சைக்கிளில் வரும்போதே பாலத்தில் பூ வாங்கி வந்திருந்தார். கோயிலுக்கா, இதற்கா என்று நான் கேட்கவில்லை. மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

மே மாதக் கடைசியில் மதர் ஷெட்டைப் பார்க்க வந்தார். வயதானவர், கனத்த உடம்பு. அங்கியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரத்தில் கவனமாக நடந்தார். சிஸ்டர் பின்னால் வந்தார். பெட்டி கட்டியாகிவிட்டது என்று முந்தின நாள் என்னிடம் சொல்லியிருந்தார். பட்டத்துக்கு எழுத வேண்டியதெல்லாம் மீதி இருந்தது. இன்னும் ஒரு சோதனையாவது வைக்காமல் யாரும் நம்ப மாட்டார்கள் என்று சார் சொல்லியிருந்தார்.

மதர் கூண்டு முன்னால் நின்றார்.

"இதுக்குத்தான் நோய் குடுத்தீங்களா?"

"ஆமா மதர்."

"நல்லாத்தானே இருக்கு." குனிந்து பார்த்தார். "எங்க வீட்டுல கோழி உண்டு. கழிச்சல் வந்தா எங்கம்மா வேப்பெண்ணெய் தடவும். ஒண்ணும் ஆகாது, எல்லாம் செத்துரும். அந்தப் பக்கம் கூண்டு ஏன் காலியா இருக்கு?"

"அதுக்கு மருந்து போடலை மதர்."

மதர் காலிக் கூண்டைப் பார்த்தார். பிறகு நிறைந்த கூண்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"செத்ததெல்லாம் எரிச்சது நீயாம்மா?"

"ஆமாங்க மதர்."

"மனுஷனுக்கு இந்த மருந்து எப்ப வரும்?" என்று சிஸ்டரிடம் கேட்டார்.

சிஸ்டர் பொய் சொல்லத் தெரியாதவர்.

"தெரியாது மதர். மனுஷனுக்குப் போட்டா காய்ச்சல் இன்னும் ஜாஸ்தி வரும். எவ்வளவு போட்டா தாங்கும்னு யாருக்கும் தெரியாது. ரொம்ப நாளாகும். எங்க காலத்துல வருமான்னே தெரியாது."

மதர் தலையாட்டினார். அங்கியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். கதவருகே நின்றார்.

"மலைக்கு வேற ஆளைப் பாக்கறேன். ரிட்டயர் ஆன டீச்சர் ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்கார். நீ பாதியில விட்டுட்டுப் போனா இந்தப் பொண்ணு எரிச்சதெல்லாம் எதுக்கு." பிறகு, "பெட்டியப் பிரிச்சு வை," என்றார்.

போய்விட்டார். சிஸ்டர் அங்கேயே நின்றார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார். கையிலிருந்த டம்ளரை என்னிடம் தராமல் தானே குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவினார்.

"அடுத்த தொகுதி எப்ப வைக்கணும் சிஸ்டர்?" என்றேன்.

"நாளைக்கு."

பாட்டில்களைக் கழுவப் போட்டேன்.